அறிவியல் கேள்வி – பதில்: அலைமுகப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது?

சென்ற இதழில் ஒளியின் அலைப் பண்பு குறித்து வெளியான கட்டுரையைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள், அலைமுகப்பையும் அலை பரவும் விதத்தையும் பற்றியவை மட்டும் இங்கே எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

கேள்வி: “ஒரே கட்டத்தில் அதிர்வுறும் புள்ளிகளை இணைக்கும் பரப்பு அலைமுகப்பு” என்று மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா, அல்லது படம் வரைவதற்கான கற்பனைக் கோடா? அது எதற்குத் தேவை?
– பிளஸ் டூ மாணவி, விழுப்புரம்

அலைமுகப்பு கையால் தொடக்கூடிய பொருள் அன்று. அதற்காக வெறும் கற்பனை என்றும் தள்ளிவிட முடியாது. அசையாத நீரில் ஒரு துளி விழுந்ததும் விரிந்து செல்லும் வளையத்தைப் பாருங்கள். அந்த வளையத்தின் முகடு என்பது, அந்தக் கணத்தில் தத்தம் உச்சியில் இருக்கும் நீர்ப்புள்ளிகள் எல்லாம் சேர்ந்த கோடுதான். அதுவே ஓர் அலைமுகப்பு. முகடுகளைத்தான் இணைக்க வேண்டும் என்பதில்லை. பள்ளங்களை இணைத்தாலும், பாதி உயரத்தில் ஏறிக்கொண்டிருக்கும் புள்ளிகளை இணைத்தாலும் கிடைப்பது அலைமுகப்பே. கட்டம், அதாவது அதிர்வில் அந்தக் கணத்தில் இருக்கும் நிலை, ஒன்றாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

அலையோடு நீர் பயணம் செய்வதில்லை என்பதையும் இதனுடன் சேர்த்தே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடலில் வலையைத் தாங்கி நிற்கும் மிதவையை அலை கடக்கும்போது, அது மேலே ஏறி, சற்று முன்னே நகர்ந்து, கீழே இறங்கி, பின்னே வந்து, ஏறக்குறைய பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. முன்னேறிச் செல்வது அதிர்வின் கட்டமும் அதனுடன் செல்லும் ஆற்றலும்தான்.

இதன் தேவை என்னவென்றால், எல்லாத் திசைகளிலும் ஒரே இயல்புடைய ஊடகத்தில் அலை எப்போதும் தன் முகப்புக்குச் செங்குத்தாகவே முன்னேறுகிறது. ஆகவே இந்தக் கணத்தில் முகப்பின் வடிவம் என்ன, அதன் ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்ற இரண்டையும் சொல்லிவிட்டால், அடுத்த கணத்தில் அலை எங்கே இருக்கும் என்பதைக் கணித்துவிடலாம். நாம் ‘ஒளிக்கதிர்’ என்று வரையும் நேர்கோடு இந்த முகப்புகளுக்குச் செங்குத்தாக வரையப்படும் கோடே அன்றித் தனியான ஒன்று அன்று. புள்ளி மூலத்திலிருந்து கோள வடிவ முகப்பும், நீண்ட கோடு போன்ற மூலத்திலிருந்து உருளை வடிவ முகப்பும் கிளம்புகின்றன. மூலம் மிகத் தொலைவில் இருந்தால் நம்மிடம் வந்து சேரும் சிறு பகுதி சமதளமாகவே தோன்றும். எவ்வளவு சமதளம் என்று ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. சூரியனின் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் கோள முகப்பு 15 கோடி கிலோமீட்டர் கடந்து நம்மை அடையும்போது, 1 மீட்டர் அகலமுள்ள துண்டில் அதன் நடுப்பகுதி விளிம்பைவிட முன்னே புடைத்திருக்கும் அளவு, ஓர் அணுவின் விட்டத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. பாடநூல் அதைச் சமதள அலைமுகப்பு என்று சொல்வதில் எந்தத் தயக்கமும் தேவையில்லை.

கேள்வி: அலைமுகப்பின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு புதிய சிற்றலையின் மூலமாகிறது என்று ஹைகென்ஸ் தத்துவத்தை நடத்தும்போது, “அப்படியானால் சிற்றலை பின்பக்கமும் பரவ வேண்டுமே, பின்னோக்கிச் செல்லும் முகப்பு ஏன் உண்டாவதில்லை?” என்று ஒவ்வோர் ஆண்டும் எவரேனும் ஒரு மாணவர் கேட்டுவிடுகிறார். “பின்னோக்கிய அலை கிடையாது என்று கொள்க” என்பதற்கு மேல் என்ன பதில் சொல்வது?
– இயற்பியல் ஆசிரியர், தஞ்சாவூர்

அந்த மாணவர்களின் கேள்வி மிகச் சரியானது. ‘கொள்க’ என்ற ஒரு சொல்லில் அதை மூடிவிடுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி. நெதர்லாந்தைச் சேர்ந்த கிறிஸ்டியான் ஹைகென்ஸ் இந்தத் தத்துவத்தை 1678-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் எடுத்துரைத்து, 1690-இல் நூலாக வெளியிட்டபோது, அவரிடமும் இதற்கு முழுமையான விடை இருக்கவில்லை. எண்ணற்ற சிற்றலைகள் தனித்தனியே மிகவும் வலுவற்றவை. அவை அனைத்தையும் தொட்டுச் செல்லும் பொதுப் பரப்பில் மட்டுமே அவற்றின் விளைவு ஒன்றுதிரண்டு புலப்படும் என்று அவர் வாதிட்டார். அந்த ஒரே கருத்தைக் கொண்டு எதிரொளிப்பையும் ஒளிவிலகலையும் அவர் விளக்கிக்காட்டியது பெரும் சாதனைதான். ஆனால் அவருடைய ஒளியலையில் அலைநீளம் என்ற எண்ணமே இல்லை. அவர் எண்ணிப்பார்த்தவை ஒழுங்கான இடைவெளியின்றி அடுத்தடுத்து வரும் துடிப்புகளே.

1818-இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் பரிசுப் போட்டிக்கு எழுதிய ஆய்வுரையில் ஓகஸ்டன் ஃபிரெனெல் இந்தக் குறையைத் தீர்த்தார். சிற்றலைகளை வெறுமனே தொட்டு வரையாமல், ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் வந்து சேர்கிறது என்று பார்த்து அவற்றைக் கூட்ட வேண்டும் என்றார். சாய்வாகச் செல்லும் திசைகளில் சிற்றலையின் வலிமை குறைகிறது என்றும் ஏற்றுக்கொண்டார். நடுவர்களுள் ஒருவரான புவாசோன் அலைக்கொள்கையை ஏற்காதவர். அந்தக் கணக்கை மேலும் நகர்த்தி, வட்டத் தட்டு ஒன்றின் நிழலுக்கு நட்ட நடுவே வெளிச்சப் புள்ளி தோன்ற வேண்டியிருக்கிறதே, இது நடக்கக்கூடியதா என்று அவர் கேட்டார். நடுவர்களுள் மற்றொருவரான அரகோ அதைச் சோதித்துப் பார்த்தார். புள்ளி அங்கே இருந்தது. இன்று இதை உங்கள் ஆய்வகத்திலேயே காட்டலாம். 3 அல்லது 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள சைக்கிள் பேரிங் குண்டு ஒன்றைக் கண்ணாடித் துண்டில் ஒட்டி, குறுங்குவிய லென்ஸ் ஒன்றால் விரித்த லேசர் ஒளியை அதன்மீது விழச்செய்து, சில மீட்டர் தள்ளி வெள்ளைத் தாளை வைத்தால் போதும். கருநிழலின் மையத்தில் குண்டூசித் தலையைவிடச் சிறிய ஒரு பொட்டு ஒளிர்வதைக் காணலாம். குண்டின் விளிம்பைச் சுற்றியுள்ள எல்லாப் புள்ளிகளிலிருந்தும் மையம் சம தொலைவில் இருப்பதால், விளிம்பைக் கடந்து வரும் சிற்றலைகள் அங்கே ஒரே கட்டத்தில் வந்து சேர்கின்றன. மாணவர்களின் கண்ணில் லேசர் படாதபடி கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாய்வுக்கு ஏற்ப வலிமை எப்படிக் குறைகிறது என்பதை 1882-இல் கிர்க்காஃப் அலைச் சமன்பாட்டிலிருந்தே வருவித்தார். நேர்முன்னே 1, பக்கவாட்டில் பாதி, நேர்பின்னே சுழி என்பது அவர் கணக்கில் தானாகவே கிடைத்தது. அதன் உட்பொருளைச் சமன்பாடு இல்லாமல் வகுப்பில் விளக்க ஒரு கயிறு போதும். இழுத்துக் கட்டிய கயிற்றின் நடுவே ஒரு மேட்டைக் கையால் உண்டாக்கிப் பிடித்து, அசைவின்றி அப்படியே விட்டுவிட்டால், அந்த மேடு பாதி உயரமுள்ள இரண்டு மேடுகளாகப் பிரிந்து இடமும் வலமுமாக ஓடும். வலப்பக்கம் ஓடிக்கொண்டிருக்கும் மேடு மட்டும் அப்படிப் பிரிவதில்லை. ஏனெனில் ஓடும் மேட்டில் வடிவத்தோடு இயக்கமும் சேர்ந்திருக்கிறது: முகட்டுக்கு முன்னே உள்ள கயிற்றுத் துண்டுகள் மேலே ஏறிக்கொண்டும், பின்னே உள்ளவை கீழே இறங்கிக்கொண்டும் இருக்கின்றன. வடிவம் தனியாகத் தோற்றுவிக்கக்கூடிய பின்னோக்கிய அலையும் இயக்கம் தனியாகத் தோற்றுவிக்கக்கூடிய பின்னோக்கிய அலையும் ஒன்றுக்கொன்று நேரெதிராக இருந்து அழிந்துவிடுகின்றன. முன்னோக்கியவை இரண்டும் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. ஆக, அலைமுகப்பின் ஒரு புள்ளி எல்லாப் பக்கமும் சமமாகப் பரப்பும் எளிய மூலம் அன்று. அலை எங்கிருந்து வந்தது என்ற செய்தி அந்தப் புள்ளியின் இயக்கத்தில் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. ‘சிற்றலைகளின் மூலம்’ என்று மட்டும் சொல்லும்போது இந்தப் பாதி விடுபட்டுப் போவதால்தான் மாணவர்களுக்கு ஐயம் எழுகிறது.

கேள்வி: அடுத்த அறையில் பேசுவது திறந்த கதவு வழியே கேட்கிறது, பேசுகிறவர் தெரிவதில்லை. ஒலியும் ஒளியும் அலைகள்தானே?
– வாசகர், திருச்சி

இரண்டும் அலைகளே, வேறுபாடு அலைநீளத்தில் இருக்கிறது. 340 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 1 மீட்டர், அதாவது கதவின் அகலத்தோடு ஒப்பிடத்தக்கது. அத்தகைய இடைவெளியைக் கடக்கும் முகப்பு, கடந்ததும் வளைந்து பக்கவாட்டிலும் நன்றாக விரியும். ஒளியின் அலைநீளமோ மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அதற்குக் கதவு மிகப் பரந்த வெளி; முகப்பு வளையாமல் நேரே சென்றுவிடுகிறது. சுவர்கள் ஒலியை எதிரொலிப்பதும் கேட்பதற்குத் துணைசெய்கிறது.

கேள்வி: நடுக்கடலில் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் கரைக்கு வரும்போது அலைகள் கரைக்கு இணையான வரிசைகளாகவே வருகின்றன. இது ஏன்? 2004 சுனாமி, சுமத்ராவுக்கு நேரெதிரே இல்லாத, இலங்கைக்கும் குமரிமுனைக்கும் பின்னால் மறைந்திருக்கும் கொல்லத்தை எப்படித் தாக்கியது?
– வாசகர், நாகப்பட்டினம்

இரண்டு கேள்விகளுக்கும் அடிப்படை ஒன்றே. நீரின் ஆழம் அலைநீளத்தில் பாதிக்கும் கீழே இறங்கும்போது அலைக்கு அடித்தரையின் தாக்கம் தெரியத் தொடங்குகிறது. ஆழம் மேலும் மிகக் குறைந்துவிட்டால் அலையின் வேகத்தை ஆழம் மட்டுமே தீர்மானிக்கிறது. ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேகம் கிடைக்கும். 2 மீட்டர் ஆழத்தில் நொடிக்கு ஏறத்தாழ 4.4 மீட்டர், 1 மீட்டர் ஆழத்தில் 3.1 மீட்டர். இப்போது ஒரு நீண்ட முகடு கரையை நோக்கிச் சாய்வாக வருவதாகக் கொள்ளுங்கள். அதன் ஒரு முனை முதலில் ஆழம் குறைந்த நீருக்குள் நுழைந்து வேகம் தளர்கிறது. மறுமுனை இன்னும் ஆழத்தில் இருப்பதால் முன்பு போலவே விரைகிறது. விரையும் முனை முன்னேற, தளர்ந்த முனை பின்தங்க, முகடு முழுவதும் கரைக்கு இணையாகத் திரும்பிவிடுகிறது. கண்ணாடிக்குள் நுழையும் ஒளி திரும்புவதும் இதே விதிப்படிதான். அங்கே வேகம் ஒரு எல்லையில் சட்டென்று மாறுகிறது, கடலிலோ சிறிது சிறிதாக மாறுகிறது. உயரமான கலங்கரை விளக்கத்திலிருந்து பார்த்தால் முகட்டு வரிசைகள் இவ்வாறு வளைந்து வருவது தெளிவாகத் தெரியும்.

ஆனால் திரும்புதல் எப்போதும் முழுமை பெறுவதில்லை. எஞ்சி நிற்கும் சிறு சாய்வு கரையோரமாக ஒரு நீரோட்டத்தை உண்டாக்கி, மணலை ஒரே திசையில் தள்ளிக்கொண்டே இருக்கிறது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஓர் ஆண்டின் மொத்தக் கணக்கில் இந்த மணல் வடக்கு நோக்கிச் செல்கிறது. சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் இந்த ஓட்டத்தை மறித்ததால்தான் தெற்கே மெரினா மணற்பரப்பு அகன்றது. வடக்கே ராயபுரம் பகுதியில் கடல் கரையை அரித்தது. அலைமுகப்பின் கோணம் சில பாகைகள் சாய்ந்திருப்பது மீனவர் குடியிருப்புகளின் இருப்பையே தீர்மானிக்கிறது என்பதைக் கரையோரக் கட்டுமானங்களைத் திட்டமிடுகிறவர்கள் ஒருபோதும் மறக்கலாகாது.

சுனாமியின் அலைநீளம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். அதற்கு 4 கிலோமீட்டர் ஆழமுள்ள பெருங்கடலும் ஆழமற்ற நீர்தான். அந்த ஆழத்தில் மேற்சொன்ன கணக்கின்படி வேகம் மணிக்கு ஏறத்தாழ 710 கிலோமீட்டர்; 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது அதுவே 36 கிலோமீட்டராகிவிடுகிறது. முன்பகுதி தளரத் தளரப் பின்பகுதி நெருங்கி வருவதால் ஆற்றல் குறுகிய இடத்தில் திரண்டு உயரம் கூடுகிறது. 2004 டிசம்பர் 26 அன்று, நிலநடுக்கம் நிகழ்ந்து இரண்டு மணி நேரம் கழித்து இந்தியப் பெருங்கடலைக் கடந்த செயற்கைக்கோள், நடுக்கடலில் அலையின் உயரத்தை ஏறத்தாழ 60 செ.மீ. என்றே பதிவு செய்தது. இந்திய நேரப்படி காலை 6.28 மணியளவில் நில அடுக்கு பிளக்கத் தொடங்கியது. ஒன்பது மணியளவில் அலை நம் கரைக்கு வந்துவிட்டது.

முகப்பின் வடிவம் எவ்வளவு முக்கியம் என்பதை அந்நாள் மிகக் கொடிய முறையில் காட்டியது. பிளவு ஒரு புள்ளியில் நிகழவில்லை. சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை, ஏறக்குறைய தெற்கு வடக்காக, 1,200 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டது. கோடு போன்ற மூலத்திலிருந்து கிளம்பும் அலை அந்தக் கோட்டுக்குச் செங்குத்தான பக்கங்களிலேயே பெரும்பகுதி ஆற்றலைச் செலுத்தும். கிழக்கே தாய்லாந்தும், மேற்கே இலங்கையும் தமிழகக் கரையும் அந்தப் பக்கங்களில் இருந்தன. தொலைவில் பெரிய வேறுபாடு இல்லாத போதிலும், பிளவின் நீட்சித் திசையில் வடக்கே இருந்த வங்கதேசக் கரையில் பாதிப்பு மிகக் குறைவு. மறைவில் இருந்த கொல்லத்தையும் ஆலப்புழையையும் பொறுத்தவரை, இலங்கையின் தென்முனையைக் கடந்த முகப்பின் ஒரு பகுதி, கரையோரத்து ஆழம் குறைந்த திட்டுகளில் வேகம் தளர்ந்து கரைப்பக்கமாகவே திரும்பியது. அதனுடன் விளிம்பு விளைவால், அதாவது தடையின் ஓரத்தைக் கடந்ததும் வளைந்து விரிவதால், நிழற்பகுதிக்குள் பரவிய அலையும் சேர்ந்துகொண்டது. தீவுக்குப் பின்னால் இருக்கும் கரை பாதுகாப்பானது என்ற எண்ணம் ஒளியின் நிழலைப் பார்த்துப் பழகியதால் வருவது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அலைநீளம் கொண்ட அலைக்கு இலங்கை அளவுள்ள தீவு ஒரு முழுமையான மறைப்பு அன்று.

கேள்வி: எங்கள் ஊரிலிருந்து நான்கைந்து கிலோமீட்டர் தள்ளிச் செல்லும் ரயிலின் ஓசை விடியற்காலையில் தெளிவாகக் கேட்கிறது; நண்பகலில் கேட்பதே இல்லை. சுற்றுப்புறம் அமைதியாக இருப்பது மட்டுமே காரணமா?
– விவசாயி, மணப்பாறை

அமைதியும் ஒரு காரணம்தான். ஆனால் அதைவிட முக்கியமானது காற்றின் வெப்பநிலை. ஒலியின் வேகம் 0 பாகை செல்சியஸில் நொடிக்கு 331 மீட்டர். ஒவ்வொரு பாகை கூடும்போதும் அது ஏறத்தாழ 0.6 மீட்டர் அதிகரிக்கிறது. நண்பகலில் தரை சுடுவதால் தரையை ஒட்டிய காற்று வெப்பமாகவும் மேலே செல்லச் செல்லக் குளிர்ந்தும் இருக்கிறது. எனவே ஒலிமுகப்பின் அடிப்பகுதி விரைய, மேற்பகுதி பின்தங்க, முகப்பு அண்ணாந்து மேல்நோக்கித் திரும்பிவிடுகிறது. ரயிலின் ஓசை உங்கள் தலைக்கு மேலே, வெகு உயரத்தில் கடந்து போய்விடுகிறது. தெளிந்த வானமுள்ள இரவில் தரை வேகமாகக் குளிர்வதால், விடியற்காலையில் கீழே குளிர்ந்த காற்றும் மேலே சற்று வெப்பமான காற்றும் இருக்கும். அப்போது முகப்பின் மேற்பகுதி விரைந்து முன்னே கவிழ, மேலே சென்றிருக்க வேண்டிய ஓசையும் தரையை நோக்கி வளைந்து வருகிறது.

காற்றடிக்கும் திசையில் நன்றாகக் கேட்பதற்கும் இதுவே காரணம். “காற்று ஓசையை அடித்துக்கொண்டு வருகிறது” என்று நாம் வழக்கமாகச் சொல்கிறோம். ஆனால் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் அடிக்கும் நல்ல காற்றுகூட ஒலியின் வேகத்தை 3 விழுக்காடுதான் கூட்டும். அதனால் மட்டும் ஓசை பெருத்துவிடாது. தரையின் உராய்வால் கீழே காற்றின் வேகம் குறைவாகவும் மேலே மிகுதியாகவும் இருப்பதால், காற்றின் போக்கில் செல்லும் முகப்பு கீழ்நோக்கிக் கவிழ்கிறது. எதிர்த்துச் செல்லும் முகப்பு மேல்நோக்கித் திரும்புகிறது. இந்த விளக்கத்தை 1857-இல் ஸ்டோக்ஸ் அளித்தார். கோடைச் சாலையில் தெரியும் கானல் நீரும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வெப்பக் காற்றில் ஒளியும் மிகச் சிறிதளவு விரைவதால், தார்ச்சாலையை ஒட்டிக் கீழ்நோக்கி வரும் வானத்தின் ஒளி மேல்நோக்கி வளைந்து நம் கண்ணுக்கு வருகிறது.

கேள்வி: குளத்தில் கல்லை எறிந்து, ஒரே ஒரு வளையத்தில் பார்வையை நிறுத்தித் தொடர்ந்து பார்த்தால், அது வெளிவிளிம்பை அடைந்ததும் கரையைத் தொடாமலேயே காணாமல் போய்விடுகிறது. உட்பக்கம் புதிதாக வளையங்கள் முளைக்கின்றன. கல்லோ ஒன்றுதான். இது கண்ணின் மயக்கமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், குளச்சல்

மயக்கம் இல்லை. பலர் வாழ்நாள் முழுவதும் பார்த்தும் கவனிக்காத ஒன்றை நீங்கள் கவனித்திருக்கிறீர்கள். இதுவரை அலைமுகப்பின் வேகம் என்று சொல்லிவந்தது ஒரு முகடு நகரும் வேகத்தை. நீர்ப்பரப்பில் அலையின் ஆற்றல் நகரும் வேகம் அதற்குச் சமம் அன்று. ஆழமான நீரில் நீண்ட அலைகள் விரைவாகவும் குறுகியவை மெதுவாகவும் செல்வதால், பல அலைநீளங்கள் கலந்த ஓர் அலைக்கூட்டம் முகடுகளின் வேகத்தில் பாதி வேகத்திலேயே முன்னேறுகிறது. முகடுகள் கூட்டத்தின் பின்புறத்தில் தோன்றி, அதனூடே ஓடி, முன்விளிம்பை எட்டியதும் தேய்ந்துவிடுகின்றன. நீங்கள் கண்டது இதைத்தான்.

சிறு தூறல் துளிகள் விழும்போது உற்றுப் பாருங்கள். அங்கே நிலைமை தலைகீழ். 1.7 செ.மீ.க்கும் குறைவான அலைநீளம் கொண்ட நுண்ணலைகளை இயக்குவது ஈர்ப்பைவிட நீரின் பரப்பு இழுவிசையே. மிகக் குறுகிய நுண்ணலைகளில் கூட்டம் முகட்டைவிட ஒன்றரை மடங்கு வேகமாகச் செல்லும்; ஆகவே கூட்டத்தின் முன்புறம் புதிய வளையங்கள் தோன்றிப் பின்புறம் மறைகின்றன. இரண்டு விசைகளும் சந்திக்கும் அந்த 1.7 செ.மீ. அலைநீளத்தில் முகட்டின் வேகம் நொடிக்கு 23 செ.மீ. என்ற மீச்சிறு அளவை அடைகிறது; இதை 1871-இல் கெல்வின் கண்டறிந்தார். கூட்டத்தின் வேகத்துக்கும் அப்படியொரு கீழ்வரம்பு உண்டு. அது நொடிக்கு ஏறத்தாழ 18 செ.மீ. அதற்கும் மெதுவாக எந்த அலைக்கூட்டமும் செல்ல முடியாது என்பதால், கல் விழுந்த இடத்தைச் சுற்றி அசைவற்ற ஒரு வட்டம் அந்த வேகத்தில் அகன்றுகொண்டே போகிறது.

உங்கள் ஊர்க் கடலுக்கும் இதில் நேரடியான தொடர்பு உண்டு. கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் ‘கள்ளக்கடல்’ என்று சொல்லப்படும் சீற்றம், உள்ளூரில் காற்றே இல்லாத நாளில் கரைக்குள் நீரைப் புகுத்துகிறது. அதன் பிறப்பிடம் தெற்கே வெகுதொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயல்கள். அடுத்தடுத்த முகடுகளுக்கிடையே 18 நொடி இடைவெளி இருக்கும் பேரலையை எடுத்துக்கொண்டால், ஆழ்கடலில் அதன் முகடு மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 6,000 கிலோமீட்டரை அது 60 மணி நேரத்தில், அதாவது இரண்டரை நாளில் கடந்துவிடும் என்று கணக்கிடத் தோன்றும். அந்தக் கணக்கு தவறு. புயலிடமிருந்து வாங்கிய ஆற்றல் கூட்டத்தின் வேகத்தில், மணிக்கு 50 கிலோமீட்டராகத்தான் வருகிறது; கரையை அடைய ஐந்து நாள் ஆகிறது. புயல் எழும் நாளிலேயே கரையைத் தாக்கும் நாளையும் ஏறக்குறையச் சொல்லிவிடலாம் என்பது இதனால்தான். ஹைதராபாதில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் வெளியிடும் கள்ளக்கடல் எச்சரிக்கையை, வெயில் அடிக்கிறதே, காற்று இல்லையே என்று எவரும் புறக்கணிக்க வேண்டாம். அந்த அலை கிளம்பிப் பல நாள்கள் ஆகியிருக்கும்.

கேள்வி: கண்ணாடியைத் தவிர்க்க, கருவிழிப் படலத்தை லேசரால் செதுக்கும் லேசிக் சிகிச்சை பற்றி விசாரித்தபோது, ‘அலைமுகப்பை அளந்து செய்யும் முறை’ என்று ஒன்றைக் கூடுதல் கட்டணத்தில் சொன்னார்கள். கண்ணுக்குள் அலைமுகப்பை எப்படி அளக்க முடியும்?
– வாசகி, கோவை

அளக்க முடியும், முறையும் எளிமையானது. ஆபத்தில்லாத அளவுக்கு மெல்லிய ஒளிக்கற்றையைக் கண்ணுக்குள் செலுத்தி, விழித்திரையில் ஒரு சிறு ஒளிப்புள்ளியை உண்டாக்குகிறார்கள். அந்தப் புள்ளியிலிருந்து கிளம்பும் கோள முகப்பு, விழிலென்ஸையும் கருவிழிப் படலத்தையும் கடந்து வெளியே வருகிறது. குறையே இல்லாத கண்ணாக இருந்தால் அது சமதளமாக வெளிவரும். கிட்டப்பார்வை இருந்தால் முகப்பு குழிந்து வரும். கருவிழிப் படலத்தில் நுட்பமான மேடு பள்ளங்கள் இருந்தால் முகப்பும் அதற்கேற்ப நெளிந்திருக்கும். வெளிவரும் முகப்பை வரிசையாக அடுக்கிய நுண்லென்ஸ்களின்மேல் விழச்செய்தால், ஒவ்வொரு லென்ஸும் தனக்குக் கிடைத்த துண்டை ஒரு புள்ளியாகக் குவிக்கிறது. முகப்பு சமதளமாக இருந்தால் புள்ளிகள் சதுரக் கட்டங்களின் மூலைகளைப் போல ஒழுங்காக அமையும். எங்கே சாய்ந்திருக்கிறதோ அங்கே புள்ளி தன் இடத்திலிருந்து விலகும். அந்த விலகல்களை எல்லாம் சேர்த்து முகப்பின் முழு வடிவத்தையும் கணினி மீட்டெடுக்கிறது.

இந்த முறையின் வேர் வானியலில் இருக்கிறது. தொலைநோக்கியின் லென்ஸைச் சோதிப்பதற்காக, துளையிட்ட தட்டு ஒன்றைக் கொண்டு ஜெர்மானிய வானியலாளர் ஹார்ட்மன் 1900-ஆம் ஆண்டையொட்டி இதைத் தொடங்கினார். 1971-இல் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோலண்ட் ஷாக்கும் பென் பிளாட்டும் துளைகளுக்குப் பதிலாக நுண்லென்ஸ்களை வைத்தனர். விண்மீனிலிருந்து சமதளமாக வரும் முகப்பைக் காற்றின் கொந்தளிப்பு நெளியச் செய்வதால்தான் விண்மீன் மினுக்குகிறது. பெரிய தொலைநோக்கிகளில் இந்த நெளிவை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அளந்து, வளையும் ஆடி ஒன்றால் உடனுக்குடன் நேராக்குகிறார்கள். அதே கருவி 1990-களில் கண் மருத்துவத்துக்குள் வந்தது.

சாதாரணக் கண்ணாடியால் கிட்டப்பார்வை, தூரப்பார்வை, உருட்சிப் பிழை (கண்ணின் வளைவு எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் இல்லாமை) ஆகியவற்றை மட்டுமே திருத்த முடியும். இவற்றுக்கு மேலும் உள்ள நுண்ணிய நெளிவுகள் இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டங்களையும் கீற்றுகளையும் தோற்றுவிக்கின்றன. கண்மணி விரியும் இருட்டில்தான் அவை மிகுதியாகத் தெரியும். உங்கள் கண்ணில் அத்தகைய நெளிவு எவ்வளவு என்பதை அந்த அளவீட்டுப் படத்திலேயே எண்களாகக் காணலாம். கூடுதல் கட்டணம் செலுத்தும் முன், அந்தப் படத்தைக் காட்டி, எண்கள் எந்த அளவில் இருக்கின்றன, கருவிழிப் படலத்தின் தடிமன் சிகிச்சைக்குப் போதுமானதா என்ற இரண்டையும் விளக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.